போஸ்ட்கிரெஸ் லாகைப் பயனர்வாரியாகப் பிரிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

தை, மாசியில் மன்னார்குடி, நீடாமங்கலம் பக்கத்து நெல் ஆலைகளில் எடைமேடை இரவிலும் ஓயாது. சம்பாவும் தாளடியும் சேர்ந்து வந்து இறங்குகிற நேரம். அப்படி ஓர் ஆலையில் 2217ஆம் எண் எடைச்சீட்டு காலையில் 10,040 கிலோ காட்டியது, மாலையில் 9,840 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 40 கிலோ சிப்பத்தில் ஐந்து சிப்பம் காணோம். யார் கை பட்டது? சர்வரின் லாகை, அதாவது நடந்ததை வரிவரியாக எழுதிவைக்கும் பதிவைத் திறந்தால் எடைமேடை, குடோன், கணக்கர், முதலாளியின் கைபேசி அறிக்கை எல்லாம் ஒரே கோப்பில் கலந்து கிடக்கிறது. பெயரும் இல்லை.

ஆலைக் கணக்கு, உரக்கடை, கூட்டுறவுச் சங்கம், கல்லூரி அலுவலகம் எதுவானாலும் போஸ்ட்கிரெஸ்க்யூஎல் (சுருக்கமாகப் போஸ்ட்கிரெஸ்) என்ற தரவுத்தள மென்பொருள் ஓடுகிற இடத்தில் முறை ஒன்றுதான். கல்லணையில் வருகிற தண்ணீரைக் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று மதகு வைத்துப் பிரிக்கிறார்கள். போஸ்ட்கிரெஸ்ஸுக்குள் அப்படி ஒரு மதகு கிடையாது. “இந்தப் பயனரின் லாக் இந்தக் கோப்புக்கு” என்று சொல்ல ஓர் அமைப்பும் இல்லை. தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். அது செய்து தருவது இரண்டு வேலை. ஒவ்வொரு வரியிலும் பயனர் பெயரைக் குத்திக் கொடுக்கும். யாருடைய வேலையை எவ்வளவு விரிவாக எழுதுவது என்பதை ஆளுக்கு ஆள் மாற்ற விடும். பிரிக்கிற மதகை நாம் வெளியேதான் கட்ட வேண்டும்.

கட்டளைகளையும் அமைப்புப் பெயர்களையும் இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். சர்வரில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடியுங்கள். அடிக்கோடு, மேற்கோள்குறி, விழுக்காட்டுக்குறி எல்லாம் காட்டியபடியே வரவேண்டும்.

முதலில் ரோல்கள்

ரோல் என்பது போஸ்ட்கிரெஸ்ஸுக்குள் நுழையும் பயனர் கணக்கு. பாதி இடங்களில் காரியம் கெடுவது இங்கேதான். மென்பொருள் நிறுவியவர் எல்லாக் கணினிக்கும் ‘போஸ்ட்கிரெஸ்’ என்ற, எல்லா உரிமையும் உள்ள சூப்பர்யூசர் கணக்கையே கொடுத்துவிட்டுப் போயிருப்பார். அப்படியிருந்தால் லாகை எத்தனை கோப்பாகப் பிரித்தாலும் ஒரே பெயர்தான் வரும். சூப்பர்யூசராக உள்ளே வருகிறவர் தன் லாகைத் தானே நிறுத்திக்கொள்ளவும் முடியும்.

ஆலைக்கு எங்கள் பரிந்துரை இது: எடைமேடையில் ஷிஃப்டுக்கு ஒன்றாக எடை1, எடை2, குடோனுக்கு ஒன்று, கணக்கருக்கு ஒன்று, வாசிக்க மட்டும் உரிமையுள்ள அறிக்கை ரோல் ஒன்று. ஒவ்வொன்றும் லாகின் உரிமையோடு, தனிக் கடவுச்சொல்லோடு. அட்டவணை உரிமைகளைக் குழு ரோலுக்குக் கொடுத்து இவர்களை அதில் உறுப்பினராக்குங்கள்.

ரோல் பெயரைத் தமிழில் வைக்கலாம், போஸ்ட்கிரெஸ் ஏற்கும். ஆனாலும் வேண்டாம் என்போம். பெயருக்கு உள்ள வரம்பு 63 பைட். யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் தின்னும். மெய்யின் புள்ளியும் உயிர்மெய்யின் கொம்பும் காலும் தனித்தனிக் குறி என்பதால் நாலு சொல் பெயர் நடுவிலேயே வெட்டுப்படும். பிறகு கோப்புப் பெயர், தேடல் கோவை என்று ஒவ்வோர் இடத்திலும் மல்லுக்கட்ட வேண்டிவரும். இங்கே எடை2 என்று நாம் எழுதுவதை ஆங்கில எழுத்தில் வைத்துவிடுங்கள்.

இணையச் செயலி என்றால் சிக்கல் வேறு. அது ஒரே ரோலில் உள்ளே வந்து, உள்ளே நூறு பேரை வைத்திருக்கும். லாகுக்குத் தெரிவது அந்த ஒரு ரோல்தான். அங்கே ‘அப்ளிகேஷன்_நேம்’ கைகொடுக்கும். ஒவ்வொரு பரிவர்த்தனையின் தொடக்கத்திலும் செயலி இப்படிச் சொல்ல வேண்டும்:

செட் லோக்கல் அப்ளிகேஷன்_நேம் = 'ஊழியர்_எண்_17';

‘லோக்கல்’ என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். வெறும் ‘செட்’ போட்டால் இணைப்பு பூலுக்கு (பலர் மாறிமாறிப் பயன்படுத்தத் திறந்தே வைத்திருக்கும் இணைப்புகளின் தொகுப்பு) திரும்பிய பிறகும் பெயர் ஒட்டிக்கொண்டே இருக்கும். அடுத்து அதே இணைப்பில் வருகிறவர் செய்த வேலை முன்னவர் தலையில் விழும். இந்தப் பெயருக்கும் வரம்பு 63 பைட்தான், அச்சிடத்தக்க ஆஸ்கி எழுத்து மட்டுமே செல்லும். தமிழில் கொடுத்தால் 15ஆம் பதிப்பு வரை வெறும் கேள்விக்குறிகளாகவும், 16 முதல் பதினறும எண்களாகவும் லாகில் வந்து நிற்கும். ஊழியர் எண்ணே உத்தமம். ஒன்றை மறக்க வேண்டாம்: இந்தப் பெயரை யாரும் எப்படியும் மாற்றிக்கொள்ளலாம். சாட்சியாக எடுத்துக்கொள்ளத் தக்கது ரோல் பெயர் மட்டுமே.

இணைப்புகளைப் பகிர்ந்து தரும் பிஜிபவுன்சர் மென்பொருள் நடுவில் இருந்தால் லாகில் தெரியும் ஐபி முகவரி பவுன்சருடையது. அதன் அமைப்புக் கோப்பில் ‘அப்ளிகேஷன்_நேம்_ஆட்_ஹோஸ்ட்’ என்பதை 1 ஆக்கினால் உண்மையான கணினியின் முகவரி செயலிப் பெயரோடு ஒட்டிக்கொண்டு வரும்.

வரியில் பெயரைக் குத்துவது

அமைப்புக் கோப்பு எங்கே என்று தெரியாவிட்டால் பிஎஸ்க்யூஎல்லில் (போஸ்ட்கிரெஸ்ஸின் கட்டளைத் திரை) ‘ஷோ கான்ஃபிக்_ஃபைல்;’ என்று கேளுங்கள். அந்தக் கோப்பில்:

லாகிங்_கலெக்டர் = ஆன்
லாக்_டைரக்டரி = '/வார்/லாக்/பிஜிலாக்'
லாக்_லைன்_ப்ரிஃபிக்ஸ் = '%எம் [%பி] %க்யூயூசர்=%யூ,டிபி=%டி,ஐபி=%எச்,ஆப்=%ஏ '
லாக்_டைம்சோன் = 'ஏசியா/கொல்கத்தா'
லாக்_கனெக்ஷன்ஸ் = ஆன்
லாக்_டிஸ்கனெக்ஷன்ஸ் = ஆன்

லாகிங் கலெக்டர் என்பது லாகை வாங்கிக் கோப்பில் எழுதும் பின்னணி வேலை. லாக்_லைன்_ப்ரிஃபிக்ஸ் ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் வரும் முன்னொட்டு. அதில் %எம் என்பது மில்லிநொடி வரை நேரம், %பி செயல்முறை எண், %யூ பயனர், %டி தரவுத்தளம், %எச் கணினி, %ஏ செயலி. %க்யூ எதையும் அச்சிடாது. செக்பாயின்ட் போன்ற பின்னணி வேலைகளின் வரி அந்த இடத்தோடு முன்னொட்டை நிறுத்திக்கொள்ளும்; அவற்றுக்குப் பயனர் இல்லாததால் ‘யூசர்=’ என்று வெறுமையாக நீள்வது தவிரும். பயனரைச் செயலிப் பெயருக்கு முன்னால் வைத்திருப்பதும் காரணத்தோடுதான். யாராவது தன் செயலிப் பெயரையே ‘யூசர்=கணக்கு’ என்று வைத்துக்கொண்டாலும், நாம் தேடும்போது முதலில் அகப்படுவது உண்மைப் பெயராக இருக்கும். முன்னொட்டின் கடைசியில் ஓர் இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் செய்தி அதோடு ஒட்டிக்கொள்ளும்.

நேர மண்டலத்தைச் சொல்லாமல் விட்டால், யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) ஓடும் வாடகைச் சர்வரில் மாலை 6:42க்கு நடந்தது பகல் 1:12 என்று பதிவாகும். எடைச்சீட்டின் நேரத்தோடு ஒப்பிடும்போது ஐந்தரை மணி நேரம் இடிக்கும். தப்பான ஷிஃப்ட்காரர் மாட்டிக்கொள்வார்.

லாகிங் கலெக்டரை முதல்முறை இயக்க சர்வரை ரீஸ்டார்ட் செய்தே ஆக வேண்டும். மற்றவற்றுக்கு ‘செலக்ட் பிஜி_ரீலோட்_கான்ஃப்();’ போதும், ஆனால் இணைப்பு, துண்டிப்புப் பதிவுகள் புதிய இணைப்புகளுக்கே பொருந்தும். ரீலோடுக்குப் பிறகு, அடுத்த பகுதியில் சொல்லும் லாக்_ஸ்டேட்மென்ட்டையும் வைத்துவிட்டால், எடைமேடையிலிருந்து வரும் ஒரு திருத்தம் இப்படித் தெரியும்:

2025-01-21 18:42:07.315 ஐஎஸ்டி [4127] யூசர்=எடை2,டிபி=ஆலை,ஐபி=192.168.1.14,ஆப்=எடைமேடை லாக்: ஸ்டேட்மென்ட்: அப்டேட் எடைச்சீட்டு
	செட் நிகர_எடை = 9840
	வேர் சீட்டு_எண் = 2217;

இரண்டாம், மூன்றாம் வரியின் தொடக்கத்தைப் பாருங்கள். அங்கே முன்னொட்டு இல்லை, ஒரு டேப் இடைவெளிதான் இருக்கிறது. பல வரிக் கட்டளையைப் போஸ்ட்கிரெஸ் எழுதும் முறை இது. இதை அறியாமல், கேட்ட சொல் உள்ள வரியை மட்டும் பொறுக்கும் ‘கிரெப் யூசர்=எடை2’ கட்டளையால் பிரித்தால் கையில் கிடைப்பது ‘அப்டேட் எடைச்சீட்டு’ என்ற தலை மட்டும். எத்தனை கிலோ, எந்தச் சீட்டு என்ற உடல் காணாமல் போய்விடும். உரைக் கோப்பைக் கையால் பிரிக்கிறவர்கள் வைத்துக்கொள்ள வேண்டிய விதி: டேப்பில் தொடங்கும் வரி மேலே உள்ள வரியின் சொத்து. புதுச் செய்தி எதுவும் டேப்பில் தொடங்காது என்பதால், கட்டளைக்குள் பொய் முன்னொட்டை எழுதி ஏமாற்றவும் வழியில்லை.

உபுண்டு, டெபியன் லினக்ஸ்காரர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. அங்கே கலெக்டர் இயல்பாக அணைந்திருக்கும்; லாக் ‘/வார்/லாக்/போஸ்ட்கிரெஸ்க்யூஎல்’ அடைவில் ஒரே கோப்பாக வளரும். கலெக்டரை இயக்கியதும் பழைய கோப்பில் “லாக் கலெக்டருக்குத் திருப்பப்படுகிறது” என்ற பொருளில் ஒரு வரி விழுந்து அதோடு நின்றுவிடும். சர்வர் படுத்துவிட்டதாகப் பதறாதீர்கள், புதிய அடைவைப் பாருங்கள். இரண்டாவது, அதே அடைவிலேயே புதிய லாகையும் போடாதீர்கள். அங்குள்ள லாக்ரொட்டேட் (பழைய லாகைச் சுழற்றும் கருவி) விதி ‘.லாக்’ என்று முடியும் எல்லாக் கோப்பையும் நகலெடுத்து வெறுமையாக்கும். அதனால்தான் மேலே தனி அடைவு. அதன் உரிமையாளர் போஸ்ட்கிரெஸ் பயனராக இருக்க வேண்டும்.

யாருக்கு எவ்வளவு

எல்லாருடைய எல்லாக் கட்டளையையும் எழுதினால் வட்டு தாங்காது, தேடுகிறவர் கண்ணும் தாங்காது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வரி 400 பைட், ஒரு எடைச்சீட்டுக்கு 20 கட்டளை, நாளுக்கு 300 வண்டி என்றால் சுமார் 2.4 எம்பி, அது பொருட்டே இல்லை. முதலாளியின் கைபேசியில் 2 நொடிக்கு ஒருமுறை தன்னால் புதுப்பிக்கும் அறிக்கைத் திரை ஒன்று திறந்தே இருந்தால் நாளுக்கு 43,200 கட்டளை, 17 எம்பி. அத்தனையும் ஒரே கேள்வி. லாகை நிரப்புவது பெரும்பாலும் இத்தகைய திரைகள்தான், திருத்துகிறவர்கள் நிரப்புவதில்லை.

ஆகவே ரோல்வாரியாக:

ஆல்டர் ரோல் எடை1 செட் லாக்_ஸ்டேட்மென்ட் = 'மாட்';
ஆல்டர் ரோல் எடை2 செட் லாக்_ஸ்டேட்மென்ட் = 'மாட்';
ஆல்டர் ரோல் கணக்கு செட் லாக்_ஸ்டேட்மென்ட் = 'ஆல்';
ஆல்டர் ரோல் அறிக்கை செட் லாக்_ஸ்டேட்மென்ட் = 'நன்';
ஆல்டர் ரோல் அறிக்கை செட் லாக்_மின்_டியூரேஷன்_ஸ்டேட்மென்ட் = 500;

‘டிடிஎல்’ என்றால் அட்டவணை அமைப்பை மாற்றுவது மட்டும். ‘மாட்’ அதோடு இன்சர்ட், அப்டேட், டெலீட், டிரங்கேட், காப்பி ஃப்ரம் ஆகியவற்றையும் பிடிக்கும். கடைசி வரி, அரை நொடிக்கு மேல் இழுக்கும் அறிக்கைகளை மட்டும் எழுதச் சொல்கிறது. ஒரு ரோலுக்குக் குறிப்பிட்ட தரவுத்தளத்தில் மட்டும் வேண்டுமானால் ரோல் பெயருக்குப் பின் ‘இன் டேட்டாபேஸ் ஆலை’ என்று சேர்க்கலாம். மோதல் வந்தால் முதலில் செல்லுவது ரோலும் தரவுத்தளமும் சேர்ந்த அமைப்பு, அடுத்து ரோல், அடுத்து தரவுத்தளம், கடைசியில் கோப்பு.

“போட்டேன், வேலை செய்யவில்லை” என்று வருகிற புகார்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் இந்த மூன்றில் ஒன்று:

இந்த அமைப்பு புதிதாக இணையும்போதுதான் பிடிக்கும். காலையில் திறந்த எடைமேடைத் திரை மாலை வரை பழைய அமைப்பில்தான் ஓடும். செயலியின் பூலை ஒருமுறை மூடித் திறங்கள்.

குழு ரோலுக்குப் போட்டால் உறுப்பினருக்கு இறங்காது. உரிமை இறங்கும், அமைப்பு இறங்காது. ஆளுக்கு ஆள் போட வேண்டும்.

உள்ளே வந்த பிறகு ‘செட் ரோல்’ மூலம் வேறு ரோலாக மாறினால் அந்த ரோலின் அமைப்பு வராது. %யூவும் முதலில் உள்ளே வந்த பெயரையே காட்டும். நமக்கு இது நல்லதுதான்.

யாருக்கு என்ன போட்டிருக்கிறது என்று பார்க்க பிஎஸ்க்யூஎல்லில் ‘\டிஆர்டிஎஸ்’. லாக்_ஸ்டேட்மென்ட்டைச் சூப்பர்யூசரோ, 15ஆம் பதிப்பு முதல் தனியாக அனுமதி பெற்றவரோதான் மாற்ற முடியும். எடைமேடைக்காரர் தனக்குத்தானே அணைத்துக்கொள்ள முடியாது.

இதன் எல்லையையும் தெரிந்துகொள்ளுங்கள். கட்டளை ஓடுவதற்கு முன்பே வரி எழுதப்படுகிறது. பிறகு ‘ரோல்பேக்’ ஆகி மாற்றம் திரும்பப் பெறப்பட்டாலும் வரி அழியாது. லாகில் இருப்பதால் மட்டும் மாற்றம் நடந்துவிட்டது என்று முடிவுகட்டக் கூடாது. 9,840 என்று எழுதியது தெரியும், அதற்கு முன் 10,040 இருந்தது என்று லாக் சொல்லாது. பழைய மதிப்பு வேண்டுமானால் டிரிக்கர் (மாற்றம் நடக்கும்போது தானே ஓடும் நிரல்) வைத்து வரலாற்று அட்டவணை எழுதுவது வேறு வேலை. ‘செலக்ட்’ மூலம் அழைக்கப்படும் ஃபங்ஷன் உள்ளுக்குள் எடையைத் திருத்தினால் ‘மாட்’ அதைப் பார்ப்பதில்லை. அதற்குப் பிஜிஆடிட் நீட்சி இருக்கிறது. ‘ஷேர்டு_ப்ரீலோட்_லைப்ரரீஸ்’ பட்டியலில் சேர்த்து ரீஸ்டார்ட் செய்த பிறகு, ‘ஆல்டர் ரோல் எடை2 செட் பிஜிஆடிட்.லாக் = 'ரைட்';’ என்று அதையும் ரோல்வாரியாக வைக்கலாம். எழுதுவது இதே லாகில்தான், வரியில் ‘ஆடிட்’ என்ற சொல் கூடுதலாக வரும்.

எந்த வடிவத்தில் எழுதுவது

15ஆம் பதிப்போ அதற்கு மேலோ என்றால் யோசிக்கவே வேண்டாம், ஜேசன் லாக் (ஒவ்வொரு மதிப்பும் தன் புலப் பெயரோடு வரும் வடிவம்). பழைய பதிப்பு என்றால் சிஎஸ்வி லாக் (மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரிக்கும் வடிவம்).

லாக்_டெஸ்டினேஷன் = 'எஸ்டிடிஎர்ர்,ஜேசன்லாக்'

இப்படி இரண்டையும் போட்டால் கண்ணால் படிக்க ஒரு ‘.லாக்’ கோப்பும், பிரிக்க ஒரு ‘.ஜேசன்’ கோப்பும் பக்கத்தில் பக்கத்தில் பிறக்கும். மேலே சொன்ன முன்னொட்டு உரைக் கோப்புக்கும், இயங்குதளத்தின் பொது லாகான சிஸ்லாகுக்கும்தான். ஜேசனிலும் சிஎஸ்வியிலும் பயனர் பெயர் தனிப் புலமாகவே வந்துவிடும்.

ஜேசன் லாகில் ஒரு செய்தி ஒரே வரி. கட்டளைக்குள் இருக்கும் வரிமுறிவு ‘\என்’ என்று மாறிவிடுவதால் டேப் தொல்லை இல்லை. வெற்றுப் புலங்கள் எழுதப்படுவதில்லை. பின்னணி வேலைகளின் வரியில் ‘யூசர்’ என்ற புலமே இருக்காது.

சிஎஸ்வியில் முதல் புலம் நேரம், இரண்டாவது பயனர், மூன்றாவது தரவுத்தளம். இரண்டாம் புலம்தானே என்று ‘ஆக்’ என்ற உரைப் பிரிப்புக் கட்டளையில் காற்புள்ளியால் பிரிக்கத் தொடங்கினால் மாட்டிக்கொள்வீர்கள். மேற்கோளுக்குள் காற்புள்ளியும் வரிமுறிவும் தாராளமாக வரும். சிஎஸ்வியைப் புரிந்துகொள்ளும் கருவி வேண்டும்: பைத்தானின் சிஎஸ்வி தொகுதி, இல்லையென்றால் போஸ்ட்கிரெஸ்ஸின் ‘காப்பி’ கட்டளையே. அட்டவணையின் புல எண்ணிக்கை பதிப்புக்கு ஏற்ப மாறும்: 12இல் 23, 13இல் 24, 14 முதல் 26. மேம்படுத்திய மறுநாள் ஏற்றம் தோல்வியடைந்தால் முதலில் இதைப் பாருங்கள். ‘செஷன்_ஐடி’, ‘செஷன்_லைன்_நம்’ இரண்டையும் சேர்த்து முதன்மைச் சாவியாக வைத்தால் ஒரே கோப்பைத் தவறி இரண்டு முறை ஏற்ற முடியாது.

இரவில் பிரிப்பது

கோப்புச் சுழற்சியை இப்படி வையுங்கள்:

லாக்_ஃபைல்நேம் = 'போஸ்ட்கிரெஸ்க்யூஎல்-%ஒய்-%எம்-%டி_%எச்%எம்%எஸ்.லாக்'
லாக்_ரொட்டேஷன்_ஏஜ் = 1டி
லாக்_ரொட்டேஷன்_சைஸ் = 0

கோப்புப் பெயரில் ஆண்டைக் குறிக்கும் ஒய், மணியைக் குறிக்கும் எச், நொடியைக் குறிக்கும் எஸ், நிமிடத்தைக் குறிக்கும் இரண்டாவது எம் மட்டும் பேரெழுத்து. மாதத்தின் எம்மும் நாளின் டியும் சிற்றெழுத்து. பெயரும் ஒரு நாள் சுழற்சியும் போஸ்ட்கிரெஸ்ஸின் இயல்பு அமைப்புத்தான், மாற்றியிருந்தால் திரும்ப வையுங்கள். லாக்_ரொட்டேஷன்_சைஸ் மட்டும் இயல்பாக 10 எம்பி, அதை 0 ஆக்க வேண்டும். ரெட்ஹாட் வழித் தொகுப்புகளில் கிழமைப் பெயரில் கோப்பு வைத்து வாரத்துக்கு ஒருமுறை மேலெழுதும் அமைப்பு வரும். அங்கே போன செவ்வாயின் லாக் இந்தச் செவ்வாய் போய்விடும். எடைச்சீட்டுத் தகராறு பட்டுவாடா நாளில்தான் கிளம்பும், அது பத்து நாள் கழித்து.

நள்ளிரவில் கோப்பு மாறும். 12:15க்கு, குறித்த நேரத்தில் தானே ஓடும் கிரான் வேலை ஒன்று முந்தைய நாளின் மூடிய கோப்புகளை மட்டும் எடுக்கட்டும். எழுதிக்கொண்டிருக்கும் கோப்பு எது என்பதை ‘செலக்ட் பிஜி_கரன்ட்_லாக்ஃபைல்('ஜேசன்லாக்');’ சொல்லும்; அதைத் தொடாதீர்கள்.

வேலைக்குள் வரிசை இது. முதலில், லாகின் உரிமையுள்ள ரோல்களின் பட்டியலைச் சர்வரிலிருந்தே எடுங்கள்: ‘செலக்ட் ரோல்நேம் ஃப்ரம் பிஜி_ரோல்ஸ் வேர் ரோல்கேன்லாகின்;’. பிறகு பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும், ஜேசனைப் படித்துப் பிரிக்கும் ஜேக்யூ கருவியால்:

ஜேக்யூ -சிஆர் 'ஃப்ரம்ஜேசன்? | செலக்ட்(.யூசர் == "எடை2")' மூலக்கோப்பு > எடை2-2025-01-21.ஜேசன்

இங்கே ‘-சிஆர்’ என்பதில் ஆர் பேரெழுத்து. ‘ஃப்ரம்ஜேசன்?’ என்று கேள்விக்குறியோடு போடுவது, பாதியில் அறுந்த வரி ஒன்று வந்தால் வேலை முழுதும் நின்றுவிடாமல் அதைத் தாண்டிப் போகத்தான். கடைசியில் இரண்டு மிச்சக் கோப்பு எழுதுங்கள். யூசர் புலமே இல்லாதவை ‘சர்வர்’ கோப்புக்கு. பெயர் இருந்தும் பட்டியலில் இல்லாதவை ‘தெரியாதவர்’ கோப்புக்கு.

அந்தத் தெரியாதவர் கோப்பை வாரம் ஒருமுறையாவது திறந்து பாருங்கள். கடவுச்சொல் தவறி வெளியே நின்றவர்களும் லாகில் தாங்கள் கொடுத்த பெயரோடுதான் பதிவாகிறார்கள். இணையத்தில் திறந்து கிடக்கும் 5432 போர்ட்டில் ‘அட்மின்’, ‘ரூட்’, ‘டெஸ்ட்’ என்று வரிசையாக யாரோ முயல்வது அங்கே தெரியும். லாகில் கண்ட பெயரையே அப்படியே கோப்புப் பெயராக்கக் கூடாது என்பதற்கும் காரணம் இதுதான். வெளியாள் ஒருவர் ‘../../’ என்று தொடங்கும் பெயரைக் கொடுத்து முயன்றால், உங்கள் ஸ்கிரிப்ட் வேறு அடைவில் கோப்பு எழுதும். பட்டியலில் இருக்கும் பெயருக்கு மட்டுமே கோப்பு.

பழைய பதிப்பில் சிஎஸ்வி வழியே போகிறவர்கள், லாகுக்கெனத் தனித் தரவுத்தளம் ஒன்றில் ‘\காப்பி’ மூலம் கோப்பை ஏற்றி, ‘\காப்பி (செலக்ட் ... வேர் யூசர்_நேம் = 'எடை2') டூ ...’ என்று வெளியே எடுக்கலாம். கோப்பே தேவையில்லை, கேள்வி கேட்டால் போதும் என்றால் பயனர், நேரம் இரண்டுக்கும் ஓர் இண்டெக்ஸ் போட்டு அட்டவணையிலேயே விட்டுவிடலாம். எங்களைக் கேட்டால் நிறைய இடங்களுக்கு இதுவே போதும். வேகக் குறைவுக்கான அறிக்கை மட்டும்தான் வேண்டும் என்றால் எதையும் பிரிக்க வேண்டாம், லாகிலிருந்து அறிக்கை தயாரிக்கும் பிஜிபேட்ஜருக்கு ‘--டிபியூசர் எடை2’ என்று கொடுத்தால் அவர் வரிகளை மட்டும் எடுத்துக்கொள்ளும்.

உடனுக்குடன் வேண்டும் என்றால்

கணக்கர் திருத்தியதும் அடுத்த நொடி அவர் கோப்பில் தெரிய வேண்டும் என்ற கட்டாயம் உள்ளவர்களுக்கு ஆர்சிஸ்லாக், அதாவது சிஸ்லாகை வாங்கி விதிப்படி கோப்புகளுக்கு அனுப்பும் மென்பொருள். லாக்_டெஸ்டினேஷனில் ‘சிஸ்லாக்’ சேர்த்து, ஆர்சிஸ்லாக் விதியில் ‘ரீ_எக்ஸ்ட்ராக்ட்’ மூலம் ‘யூசர்=’ முதல் காற்புள்ளி வரை உள்ள பெயரை எடுத்து, தெரிந்த ரோல் ஒவ்வொன்றுக்கும் ஓர் ‘இஃப்’ வரி எழுதிக் கோப்புக்கு அனுப்புங்கள். டைனமிக் கோப்புப் பெயர்தான் வேண்டும் என்று நின்றால் ‘செக்பாத்-ரிப்ளேஸ்’ போட மறக்காதீர்கள், சாய்கோட்டை அடிக்கோடாக்கிவிடும். ‘டைனாஃபைல்கேஷ்சைஸ்’ இயல்பாக 10. பதினோராவது பயனர் வந்ததும் கோப்புகளை மூடித் திறந்து மூடித் திறந்து திணறும், உயர்த்திவிடுங்கள்.

பெரிய பொறி வேறிடத்தில். ‘சிஸ்லாக்_ஸ்ப்ளிட்_மெசேஜஸ்’ இயல்பாக ஆன். ஒவ்வொரு வரிமுறிவிலும், 1024 பைட் தாண்டினாலும், செய்தியைத் துண்டாக்கி அனுப்பும். முதல் துண்டில் மட்டுமே பயனர் பெயர். மிச்சத் துண்டுகள் அனாதையாக வரும். அதை ஆஃப் செய்து, ஆர்சிஸ்லாகின் ‘மேக்ஸ்மெசேஜ்சைஸ்’ஸை 8 கேபியிலிருந்து 64 கேபி ஆக்குங்கள். வரிமுறிவு இருந்த இடத்தில் ‘#012’ என்று தெரியும், பழுதில்லை.

கலெக்டர் எந்தச் செய்தியையும் விடாமல் எழுத முனையும், அதற்காகச் சர்வரையே சற்றுக் காக்கவைக்கவும் செய்யும். நெருக்கடி வந்தால் சிஸ்லாக் செய்தியைக் கைவிடும். சாட்சிக்கு வேண்டிய லாக் என்றால் சிஸ்லாகை மட்டும் நம்பி இருக்காதீர்கள், கலெக்டரும் பக்கத்தில் ஓடட்டும்.

மின்சாரம் போனால்

ஐப்பசி, கார்த்திகை மழையில் டெல்டாவில் இது விதிவிலக்கே இல்லை. சர்வர் திடீரென்று அணைந்தால் லாகின் கடைசி வரி பாதியில் அறுந்து நிற்கும். சிஎஸ்வியில் இது விபரீதமாகும்: திறந்த மேற்கோள்குறி மூடப்படாமல் இருக்க, கோப்புப் பெயரில் நேரம் இல்லாமல் தேதி மட்டும் இருந்தால், மின்சாரம் வந்ததும் சர்வர் அதே கோப்பின் வாலில் எழுதத் தொடங்கும். பின்னால் வரும் பதிவுகள் அந்த மேற்கோளுக்குள் விழுந்து குழம்பும். ‘காப்பி’ சிஎஸ்வி மேற்கோள் முடியவில்லை என்று சொல்லிக் கோப்பு முழுவதையும் தள்ளிவிடும். பெயரில் மணி, நிமிடம், நொடி வைத்தால் ஒவ்வொரு ரீஸ்டார்ட்டுக்கும் புதுக் கோப்பு. சேதம் பழைய கோப்பின் கடைசிப் பதிவோடு நிற்கும். ஒரே நாளுக்கு ஐந்தாறு சின்னக் கோப்புகள் வரும், ஆகவே கிரான் வேலை ‘நேற்றைய கோப்பு’ என்று ஒன்றை மட்டும் தேடக்கூடாது; தேதி பொருந்தும் அத்தனையையும் எடுக்க வேண்டும். நள்ளிரவில் மின்சாரமே இல்லாமல் போயிருந்தால்? 12:15 வேலை ஓடியிருக்காது. பிரித்து முடித்த கோப்புகளின் பெயர்களை ஒரு பட்டியலில் எழுதி வைத்து, பட்டியலில் இல்லாதவை எந்தத் தேதியானாலும் எடுக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, விசாரணையில் குழப்பம் தருவது: முடிந்த பரிவர்த்தனையைப் போஸ்ட்கிரெஸ் வட்டில் உறுதிசெய்துவிட்டே பதில் சொல்கிறது. லாகுக்கு அந்த உறுதி இல்லை, கடைசிச் சில நொடி இயங்குதளத்தின் நினைவகத்திலேயே இருந்திருக்கலாம். எடை மாறியிருக்கும், மாற்றியவர் வரி லாகில் இருக்காது. மின்தடைக்குச் சற்று முன் நடந்ததற்கு லாகை வைத்து யாரையும் விடுவிக்கவும் வேண்டாம், பிடிக்கவும் வேண்டாம். சர்வருக்கு ஒரு யூபிஎஸ் வாங்கி, பேட்டரி குறைந்ததும் தானே ஒழுங்காக அணையும்படி வைப்பதே மருந்து.

யார் படிக்கலாம், எத்தனை நாள்

‘லாக்_ஃபைல்_மோட்’ இயல்பாக 0600, சர்வர் பயனர் தவிர யாரும் படிக்க முடியாது. மூலத்தை அப்படியே விட்டு, பிரித்த கோப்புகளை வேறு அடைவில் 0640 உரிமையோடு வைத்து, மேலாளரை மட்டும் அந்தக் குழுவில் சேர்ப்பது நல்லது. பயனர் தன் கோப்பைத் தானே எழுதும்படி எங்கும் விடாதீர்கள்.

விவசாயியின் வங்கிக் கணக்கு எண், ஆதார் எண் எல்லாம் கட்டளையோடு லாகுக்குள் வந்துவிடும். செயலி மதிப்புகளைப் பாராமீட்டராக அனுப்பினால், 13 முதல் ‘லாக்_பாராமீட்டர்_மேக்ஸ்_லெங்த் = 0’ என்று அவற்றை மறைக்கலாம்; அப்போது 9840 என்ற எண்ணும் மறையும். எடைமேடை ரோல்களுக்கு முழுதாக, பட்டுவாடா ரோலுக்கு 0 என்று ரோல்வாரியாக வைப்பது நடைமுறைக்கு ஒத்துவரும். கடவுச்சொல் மாற்றுவதை ‘ஆல்டர் ரோல் ... பாஸ்வேர்டு’ என்று நேரடியாக அடித்தால் அது அப்படியே லாகில் கிடக்கும். பிஎஸ்க்யூஎல்லின் ‘\பாஸ்வேர்டு’ கட்டளை மறைகுறியாக்கிய பிறகே அனுப்புகிறது, அதையே பயன்படுத்துங்கள்.

நிறுவனங்கள் லாகை 180 நாள் இந்தியாவுக்குள் வைத்திருக்க வேண்டும் என்று இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் ஆணையிட்டது. ஆகவே 7 நாளில் ஜிசிப் செய்து சுருக்கி, 180 நாள் கடந்ததை ‘ஃபைண்ட் -எம்டைம் +180’ மூலம் நீக்கலாம். கணக்குத் தகராறு நிலுவையில் இருந்தால் நீக்கும் வேலையை நிறுத்திவையுங்கள்.

மைஎஸ்க்யூஎல், மரியாடிபி

போஸ்ட்கிரெஸ் அல்லாமல் மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம் என்றால், அதன் ஜெனரல் லாக் கோப்பில் பயனர் பெயர் இணையும் வரியில் மட்டும் வரும். பிறகு திரெட் எண்தான். ‘லாக்_அவுட்புட் = டேபிள்’ என்று வைத்தால் ‘மைஎஸ்க்யூஎல்.ஜெனரல்_லாக்’ அட்டவணையின் ஒவ்வொரு வரியிலும் ‘யூசர்_ஹோஸ்ட்’ புலம் கிடைக்கும், அதை வைத்துப் பிரிக்கலாம். மரியாடிபியில் சர்வர் ஆடிட் செருகி இருக்கிறது. ‘சர்வர்_ஆடிட்_இன்க்ல்_யூசர்ஸ்’ பட்டியலில் உள்ளவர்களை மட்டும் எழுதும், இணைப்பு வரிகளை மட்டும் எல்லாருக்கும் எழுதும்.

சரிபார்ப்பு

பிரித்து முடிந்ததும் மூலக்கோப்பின் வரி எண்ணிக்கை, பிரித்த கோப்புகளின் கூட்டல், இரண்டையும் ‘டபிள்யூசி -எல்’ போட்டு ஒப்பிடுங்கள். ஜேசனில் ஒரு செய்தி ஒரு வரி என்பதால் இரண்டும் சமமாக வரவேண்டும்; அறுந்த வரி இருந்தால் ஒன்று குறையலாம். அதற்கு மேல் குறைந்தால் ஏதோ ஒரு ரோல் பட்டியலிலிருந்தும் நழுவி, தெரியாதவர் கோப்பிலிருந்தும் நழுவியிருக்கிறது. அன்றைய மூலத்தை நீக்காமல் நிறுத்திவைத்து ஸ்கிரிப்ட்டைத் திருத்துங்கள். கூட்டல் மூலத்தைவிடக் கூடினால், ஒரே கோப்பை இரண்டு முறை பிரித்து ‘>>’ மூலம் வாலில் ஒட்டியிருப்பீர்கள். அந்தத் தேதியின் பிரித்த கோப்புகளை அழித்துவிட்டு மறுபடி ஓட்டினால் கணக்கு நேராகும்.